அறிவுச் சமூகம்: தேசிய உயர்கல்விக் கொள்கைகளின் சொல்லும் பொருளும்

கெடில நதிக்கரையில் உள்ள திருவதிகையைத் தமிழறிந்தோர் திருநாவுக்கரசரோடு சேர்த்தே நினைப்பர். சமண நெறியில் தருமசேனர் என்ற பெயரோடு விளங்கிய அவர், பாடலிபுத்திரத்தை நீங்கித் தம் தமக்கையார் திலகவதியாரிடம் மீண்டு வந்த ஊர் இது. அந்தப் பாடலிபுத்திரம் கங்கைக் கரையில் உள்ளதன்று. இன்றைய கடலூரின் ஒரு பகுதியான திருப்பாதிரிப்புலியூரே அது என்பது ஆய்வாளர் துணிபு. மன்னன் சமயம் மாறியபின் அங்கிருந்த சமணப் பள்ளிகளை இடித்து, அவ்விடிபாடுகளைக் கொண்டுவந்து திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்பது பெரியபுராணம் தரும் செய்தி. அதனை வரலாறாகக் கொள்வதா, புராணமாகக் கொள்வதா என்ற வழக்கினுள் நாம் புகவில்லை. ஒரு சமயத்தார்மீது குறை சொல்வதும் நம் நோக்கமன்று. கற்கள் இடம்பெயராத சமய வரலாறு எவரிடமும் இல்லை. நாம் கேட்க விரும்புவது வேறு: இடிபட்ட அந்தப் பள்ளியில் என்ன படித்தார்கள்?

ஒரு செய்தி கிடைக்கிறது. சக ஆண்டு 380-இல், அதாவது கி.பி. 458-இல், காஞ்சிப் பல்லவன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், சர்வநந்தி என்ற சமண முனிவர் அந்தப் பாடலியில் இருந்து உலக அமைப்பைக் கூறும் ஒரு நூலை எழுதி முடித்தார். மூலம் கிடைக்கவில்லை, அதன் வழிவந்த ‘லோகவிபாகம்’ என்ற வடமொழி நூல் கிடைக்கிறது. 13107200000 என்ற எண்ணை இடமதிப்பு முறையில், சுழிக்கு வெறுமை என்றும் வானம் என்றும் பொருள்படும் சொற்களை இட்டு, அந்நூல் எழுதிக் காட்டுகிறது. காலம் குறிக்கப்பெற்ற நூல்களுள் சுழியை இவ்வாறு ஆளும் மிகப் பழைய நூல் இது எனக் கணித வரலாற்றாசிரியர் கூறுவர். ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகளுக்குப்பின் பக்தாதில் அல்குவாரிஸ்மி இந்திய எண்முறையை விளக்கி எழுதினார். அவர் பெயரே இலத்தீன் வழியாக அல்கோரிதம் ஆயிற்று. இன்றைய கணினியுகம் தன் பிறப்புரிமை என்று கொண்டாடும் சுழியின் தடங்களுள் ஒன்று நமது கடலூர் மாவட்டத்து மண்ணில் இருக்கிறது.

2020 ஜூலை 29 அன்று ஒன்றிய அமைச்சரவை ஏற்ற தேசியக் கல்விக் கொள்கை, இந்தியாவைத் துடிப்புள்ள அறிவுச் சமூகமாகவும் உலக அறிவு வல்லரசாகவும் ஆக்குவதே தன் இலக்கு என்கிறது. பழம் பெருமைக்குச் சான்றாக நாளந்தாவையும் தட்சசீலத்தையும் விக்கிரமசீலத்தையும் வல்லபியையும் பெயர் சொல்லி அழைக்கிறது. சரகர் முதல் திருவள்ளுவர் வரை அறிஞர் வரிசை ஒன்றையும் தருகிறது. பாடலி அதில் இல்லை. முஸ்லிம் அறிஞர் ஒருவர் பெயரேனும் அவ்வரிசையில் இல்லை. செம்மொழிப் பட்டியலில் பாரசீகத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் கற்பிக்கத்தக்கவையாக எடுத்துக்காட்டப்பெற்ற அயல்மொழிகளில் கொரிய மொழியும் தாய்லாந்து மொழியும் போர்த்துக்கீசியமும் உண்டு, அரபு இல்லை. வளைகுடா நாடுகளின் ஊதியத்தால் எத்தனை தமிழ்க் குடும்பங்களின் அடுப்பெரிகிறது என்பதை எண்ணினால் இது விந்தையான விடுபாடே.

எனினும் பட்டியலில் பெயர் சேர்க்கக் கோருவது நமது வழக்கன்று. ஒளிவீசிய அறிவை அவ்வாவணம் அறிந்திருக்கிறது. அறிவு எவ்வாறு இடிபடுகிறது, எவ்வாறு சிலருக்கு மட்டும் எட்டாமற் போகிறது, அதற்கு யார் பொறுப்பு என்பதை அது பேசவில்லை. இக்குறை 2020-இல் தொடங்கியதும் அன்று. அறிவுச் சமூகம் என்ற சொல் நம் கொள்கை ஆவணங்களுக்குள் நுழைந்த நாளிலிருந்தே உடன் வருவது.

சொல்லின் வயது குறைவுதான். 1969-இல் மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் அதனைப் பரவலாக்கினார். 1973-இல் சமூகவியலாளர் டேனியல் பெல் தொழில்துறைக்குப் பிந்தைய சமூகத்தை விவரித்தபோது அதற்குக் கோட்பாட்டு வலிமை சேர்ந்தது. உலக வங்கி தனது 1998/99 உலக வளர்ச்சி அறிக்கையில் அறிவை வளர்ச்சியின் மூலதனமாக்கியது. யுனெஸ்கோ 2005-இல் தன் உலக அறிக்கைக்கு ‘அறிவுச் சமூகங்கள்’ எனப் பன்மையில் பெயரிட்டதைக் கவனிக்க வேண்டும். ஒரே வகை அறிவும் ஒரே வகைச் சமூகமும் இல்லை என்ற ஒப்புதல் அந்தப் பன்மை விகுதியில் இருக்கிறது. நம் ஆவணங்கள் ஒருமையையே விரும்பின.

இச்சொல்லை முஸ்லிம் உலகம் தன்னைத் தானே அளக்கப் பயன்படுத்திய நிகழ்வும் உண்டு. அரபு அறிஞர்களே எழுதி, ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டம் 2003 அக்டோபரில் வெளியிட்ட அரபு மனித வளர்ச்சி அறிக்கையின் பொருளே அறிவுச் சமூகத்தைக் கட்டியெழுப்புதல் என்பதுதான். மொழிபெயர்ப்பின் வறுமையை அது கடிந்துரைத்தது. கருத்துரிமையை முதல் தூணாக வைத்தது. அதில் நமக்கு உடன்பாடே. ஆயினும் அவ்வாண்டின் ஏப்ரல் மாதத்தில்தான் பக்தாதின் தேசிய நூலகம் படையெடுப்பின் நடுவே தீக்கிரையானது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்த தமிழருக்கு இதன் கனத்தை விளக்க வேண்டியதில்லை. அறிவின்மைக்குக் கணக்கெடுக்கும் அறிக்கைகள், அறிவை அழித்தோரின் கணக்கை வேறு ஏட்டில் வைத்துவிடுகின்றன.

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் உயர்கல்வி ஆணையம் 1948-இல் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்தது. டாக்டர் ஜாகிர் உசேனும் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் இலட்சுமணசுவாமி முதலியாரும் அதன் உறுப்பினர்கள். 1964-66-இல் கோத்தாரி ஆணையம். அதில் குவாஜா குலாம் சையிதைன் இருந்தார். இவர்களின் அறிக்கைகள் பழுதற்றவை அல்ல. ஆள்வலுக் கணக்கும் திட்டக்குழு மொழியும் கோத்தாரி அறிக்கையிலும் உண்டு. ஆயினும் அங்கே கல்வியின் எதிர்ச்சொல் சமத்துவமின்மை. நாட்டு வருவாயில் 6 விழுக்காட்டைக் கல்விக்கு ஒதுக்கவேண்டும் என்ற கோரிக்கை அங்கிருந்தே பிறந்தது. 1968, 1986, 2020 என மூன்று கொள்கைகளும் அந்த 6-ஐப் பயபக்தியோடு திரும்பச் சொல்லின. எந்த அரசும் அதை எட்டவில்லை.

1985-இல் கல்வி அமைச்சகத்தின் பெயர் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் என மாறியது. வளம் என்பது தோண்டி எடுக்கப்படுவது. 2020-இல் பழைய பெயர் மீண்டது. இடைப்பட்ட 35 ஆண்டுகளில் பொருள் மாறிவிட்டது. 2000-இல் தொழிலதிபர்கள் முகேஷ் அம்பானியும் குமாரமங்கலம் பிர்லாவும் பிரதமரின் வணிக, தொழில் மன்றத்துக்கு அளித்த கல்விச் சீர்திருத்த அறிக்கை, உயர்கல்வியின் செலவைப் பயன்பெறுவோரே ஏற்கவேண்டும் என்றும் இயலாதோர் கடன் பெறலாம் என்றும் கூறியது. அடுத்த ஆண்டு திட்டக்குழுவின் பணிக்குழு ஒன்று இந்தியாவை அறிவு வல்லரசாக்கும் வழிகளை வகுத்தது. இராமேசுவரத்துப் பெருமகனார் அப்துல் கலாம் அக்காலத்தில் இக்கனவின் இனிய குரலாக விளங்கினார். அவர் கனவில் சிற்றூர்களுக்குச் சாலையும் மின்னணுத் தொடர்பும் அறிவுத் தொடர்பும் சேர்க்கும் ‘புரா’ திட்டம் இருந்தது என்பதை நன்றியோடு குறிக்கவேண்டும். அவரை மேற்கோள் காட்டியோர் வல்லரசை எடுத்துக்கொண்டு சிற்றூரை விட்டுவிட்டனர்.

2005 ஜூன் மாதத்தில் சாம் பிட்ரோடா தலைமையில் தேசிய அறிவு ஆணையம் அமைந்தது. நாட்டுக்கு 1,500 பல்கலைக்கழகங்கள் வேண்டும், உயர்கல்விச் சேர்க்கை 2015-க்குள் 15 விழுக்காடாக உயரவேண்டும் என்று அது பரிந்துரைத்தது. மைய அரசின் உயர்கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காட்டு இடஒதுக்கீடு என்ற அறிவிப்பு 2006-இல் எழுந்தபோது, அதனை ஏற்க இயலாமல் ஆந்திரே பெத்தேயும் பிரதாப் பானு மேத்தாவும் ஆணையத்திலிருந்து விலகினர். இருவரும் மதிக்கத்தக்க அறிஞர்கள். அவர்களின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆனால் அறிவும் சமூகநீதியும் ஒரே அறையில் அமரமுடியாது என்ற எண்ணம் ‘அறிவு’ என்ற பெயர் தாங்கிய ஆணையத்துக்குள்ளேயே இருந்தது.

அதே 2005-இல், அதே பிரதமர், மற்றொரு குழுவையும் அமைத்தார். நீதிபதி இராஜிந்தர் சச்சார் தலைமையிலான அக்குழு 2006 நவம்பரில் அறிக்கை தந்தது. 20 வயதுக்கு மேற்பட்ட முஸ்லிம்களில் பட்டமோ பட்டயமோ பெற்றவர் 4 விழுக்காட்டுக்கும் குறைவு, நாட்டின் பொதுநிலை ஏறத்தாழ 7 விழுக்காடு என்று அது காட்டியது. பள்ளி வயதுச் சிறாரில் மத்ரஸாவில் பயில்வோர் ஏறத்தாழ 3 விழுக்காடே எனக் கூறி, நம்மைப் பற்றிய பழங்கதை ஒன்றையும் உடைத்தது. ஒன்று அறிவு பற்றிய அறிக்கை, மற்றது அறிவு மறுக்கப்பட்டோர் பற்றிய அறிக்கை. பிட்ரோடாவின் ஏடு எதிர்காலத்துக்கும் சச்சாரின் ஏடு ‘நலத்துறை’க்கும் சென்றன. யஷ்பால் குழு 2009-இல் இத்தகைய அறை அறையான சிந்தனையைக் கடிந்து, பல்கலைக்கழகம் என்ற கருத்தையே மீட்டெடுக்க முயன்றது. அதன் கதி நாம் அறிந்ததே.

இந்த ஆவணங்களை அடுத்தடுத்து வைத்துப் படிக்கையில் ஓர் இலக்கணம் புலப்படுகிறது. அறிவுச் சமூகம் என்ற தொடர் பெரும்பாலும் எழுவாயாக வருவதில்லை. சென்றடைய வேண்டிய இடமாகவே வருகிறது. அங்கே செல்ல வேண்டியவர் மாணவர். வழியில் வீழ்ந்தால் வீழ்ந்தவர் அவரே. சமூகம் எதையும் செய்வதாக, எதற்கும் விடை சொல்வதாக ஒரு வினைச்சொல்லும் அதற்குக் கிடைப்பதில்லை.

இவ்விடத்தில் நம் மரபின் ஒரு சொல்லை நினைவுகூர்வது பொருந்தும். மத்ரஸாவின் முதல் வகுப்பிலேயே கற்கும் சொல்தான்: ஃபர்ளு கிஃபாயா. ஜனாஸாத் தொழுகையை எடுத்துக்காட்டி உஸ்தாது விளக்குவார். ஊரில் சிலர் நிறைவேற்றினால் அனைவர்மீதிருந்தும் கடமை இறங்கிவிடும், ஒருவரும் நிறைவேற்றாவிடில் ஊரே குற்றம் சுமக்கும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது ‘இஹ்யா’வின் முதற்பகுதியான கல்வி நூலில் இக்கருத்தை அறிவுத்துறைகள்மீது செலுத்தினார். மருத்துவமும் கணக்கும் ஃபர்ளு கிஃபாயா; உழவும் நெசவும் தையலும், குருதி வாங்கும் தொழிலும்கூட அவ்வாறே. மருத்துவரே இல்லாத ஊர்களில் எல்லாரும் ஃபிக்ஹு வழக்குகளில் மொய்த்துக் கிடப்பதைக் கண்டு அவர் கசந்து எழுதினார். சட்டக் கல்வி பதவிக்கும் பொருளுக்கும் வழியானதே காரணம் என்றார். அவர் வெறும் துறவியாகப் பேசவில்லை. நிஜாமுல் முல்க் என்ற அமைச்சர் நிறுவிய பக்தாது நிஜாமிய்யாவில் 1091 முதல் 1095 வரை பேராசிரியராக இருந்தவர். அரசு நடத்தும் உயர்கல்வியின் உள்ளறையை அறிந்து, அப்பதவியைத் துறந்து வெளியேறியவர்.

இதன் நுட்பம் எங்கே இருக்கிறது? இங்கும் சமூகம் உண்டு, அறிவும் உண்டு. ஆனால் ஓர் ஊரில் ஓர் அறிவு இல்லையெனில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் அதைக் கல்லாத ஏழைச் சிறுவன் அல்லன், அவ்வூர் முழுவதும். கைத்தொழிலும் கணக்கும் ஒரே வரிசையில் நிற்கின்றன. 2020 கொள்கையும் ‘லோக் வித்யா’ என்று நாட்டுத் தொழிலறிவைப் போற்றுகிறது. ஆனால் பண்ணுருட்டியில் முந்திரிக்கொட்டை உடைத்து, அதன் பாலால் விரல் வெந்த பெண்ணின் அறிவை அது தொழிற்பயிற்சிப் பாடமாக்குமேயன்றி, அவள் விரலுக்கு விடை சொல்லும் பொறுப்பை எவர்மீதும் வைக்கவில்லை.

ஃபர்ளு கிஃபாயாவை நாம் அப்பழுக்கின்றிக் கையாண்டோம் என்று சொல்லவும் முடியாது. யாரோ செய்வார், நம்மீது கடமை இறங்கிவிடும் என்ற சோம்பலுக்கும் அதே சொல்லைத் துணைக்கழைத்திருக்கிறோம்.

திருவதிகையிலிருந்து நெடுந்தொலைவில் இல்லாத நெய்வேலியில் இவ்விரு நோக்குகளையும் உரசிப் பார்க்கலாம். பல்கலைக்கழக மானியக் குழு சட்டமுறை அமைப்பானதும் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவு பெற்றதும் ஒரே மாதம், 1956 நவம்பர். 1957-இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1962-இல் சோவியத் உதவியோடு முதல் அனல்மின் அலகு இயங்கியது. தமிழ்நாட்டுக்கு வந்த ஒளியை நாம் மறுக்கவில்லை. அந்நகரியத்தின் பள்ளிகளும் மருத்துவமனையும் இவ்வட்டாரத்துக்குத் தந்த நன்மையையும் மறுக்கவில்லை. பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் அடியில் பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. அதை இரவு பகலாக இறைத்தாலன்றிச் சுரங்கம் நிலைக்காது. நிலம் கொடுத்த ஊர்கள் அச்சுரங்கத்தைச் சுற்றியே இருக்கின்றன. 2022-இல் அந்நிறுவனம் கேட் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு பட்டதாரிப் பயிற்சிப் பொறியாளர்களைத் தெரிவு செய்தபோது, பட்டியலில் தமிழ்நாட்டினர் மிகமிகக் குறைவு என்று முதலமைச்சர் பிரதமருக்கு எழுதினார். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்ட, கதிர் முற்றாத நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கின.

கேட் தேர்வு முறையானதே. திறன் வேண்டும் என்பதை எவர் மறுப்பார்? அறிவுச் சமூகத்தின் மொழியில் இங்கே குறை ஏதுமில்லை: தகுதியுடையோர் வந்தனர், தகுதியில்லாதோர் வரவில்லை. ஃபர்ளு கிஃபாயாவின் மொழியில் கேட்டுப் பாருங்கள். சுரங்கத்தைச் சூழ்ந்த ஊர்க் கிணறுகளின் நீர்மட்டம் ஏன் இறங்குகிறது என்பதை, அவ்வூரார் நம்பும் வகையில் அளந்து சொல்லும் நிலத்தடி நீரியல் அறிஞர் அவ்வூர்களிலிருந்தே எழ, 60 ஆண்டுகளில் எவர் வழி செய்தார்? ஒருவரும் எழவில்லையெனில் அது நிலமிழந்தவரின் மக்களுடைய தகுதிக்குறையா? அல்லது நிறுவனமும் அரசும் 1929 முதல் அருகிலேயே இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் நாமும் சேர்ந்து சுமக்கும் குற்றமா? முந்தைய மொழியில் இக்கேள்வியை எழுப்பவே இடமில்லை.

நம் சமுதாயத்தின் கணக்குக்கு வருவோம். அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி 2019-20-இல் மாணவரில் முஸ்லிம்கள் 5.5 விழுக்காடு, 2020-21-இல் 4.6 விழுக்காடு. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் 14.2 விழுக்காடு. எண்ணிக்கையில் ஏறத்தாழ 21 லட்சம் 19 லட்சமாயிற்று. பெருந்தொற்று ஆண்டு என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. அவ்வாண்டில் நாட்டின் மொத்த மாணவர் தொகையும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் தொகையும் உயர்ந்தன. சிறுபான்மையோர் குறைவாக இருப்பதை 2020 கொள்கை ஒரு வாக்கியத்தில் ஒப்புக்கொள்கிறது. 2022 டிசம்பரில் முதல் கல்வி அமைச்சரின் பெயரால் வழங்கிவந்த மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகை, பிற திட்டங்களோடு மேற்பொருந்துகிறது என்ற காரணம் கூறி நிறுத்தப்பட்டது. அறிவு வல்லரசுக்கு ஆய்வாளர் மிகையாகிவிட்டனர் போலும்.

தமிழ்நாட்டில் நிலை சற்று மேல். 2007-இல் கிடைத்த 3.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு ஒரு காரணம். அதைவிட மூத்த காரணம், நம் முன்னோரின் கொடை. 1919-இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, 1951-இல் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னைப் புதுக்கல்லூரியும், பின்னர் அதிராம்பட்டினம், உத்தமபாளையம், மேல்விஷாரம், இளையான்குடி, பாளையங்கோட்டை எனத் தோல் வணிகரும் கப்பல் வணிகரும் ஊர்ப் பெரியோரும் எழுப்பியவை. அவற்றின் வாயில்கள் எல்லாச் சமயத்தாருக்கும் திறந்தே இருக்கின்றன. அறிவுச் சமூகம் என்ற சொல்லை அக்கொடையாளர் கேட்டிருக்க மாட்டார்கள். கடமை என்ற சொல்லைக் கேட்டிருந்தனர். பிற்காலத்தில் நம்மவர் சிலர் தொடங்கிய தொழிற்கல்வி நிறுவனங்களில் அந்தச் சொல்லின் எதிரொலி மங்கியிருக்கிறது என்பதையும், நன்கொடை என்ற பெயரில் வாங்கப்படுவது எது என்பதையும் வாசகர் அறிவர்.

இனி வரவிருப்பது கடினமானது. 2040-க்குள் எல்லா உயர்கல்வி நிறுவனங்களும் பலதுறை நிறுவனங்களாகி, ஒவ்வொன்றும் 3,000 மாணவருக்குக் குறையாதிருக்க முயலவேண்டும் என்பது 2020 கொள்கையின் நோக்கு. பெருநகரில் இருந்து பார்த்தால் செம்மையான திட்டம். பரங்கிப்பேட்டையிலிருந்தோ நெல்லிக்குப்பத்திலிருந்தோ பார்த்தால், மகளைத் தொலைவுக்கு அனுப்பத் தயங்கும் தந்தையின் வீட்டில் அது வேறு பொருள் பெறும். பேருந்தில் சென்று மஃரிபுக்குள் திரும்பத்தக்க சிறு கல்லூரி ஒன்று மூடப்பட்டால், அப்பெண்ணின் படிப்பு அங்கே முடியும். தயங்கும் தந்தையைத் திருத்துவதும் நம் வேலைதான். அதற்குள் கல்லூரி போய்விடக்கூடாது. லால்பேட்டை மன்பவுல் அன்வாரில் பல ஆண்டுகள் அரபு இலக்கணமும் தர்க்கமும் வாரிசுரிமைக் கணக்கும் பயின்ற ஆலிமுக்கு, கொள்கை பெருமையோடு அறிமுகம் செய்யும் மதிப்பீட்டுப் புள்ளி வங்கியில் கணக்குத் திறக்க வழி சொல்லப்படவில்லை; ஏற்புபெற்ற நிறுவனங்களில் ஈட்டிய புள்ளிகளுக்கே அது பெட்டகம். பின்னக் கணக்கைப் பிழையின்றி இடும் அவர், கணிதம் அறியாதவராகவே பதிவாவார்.

நம் பள்ளிவாசல் ஜமாஅத்துகளில் பதிவேடுகள் உண்டு. நிக்காஹ் பதியப்படுகிறது, மவுத்து பதியப்படுகிறது, தலைக்கட்டு வரி நிலுவை பைசா பிசகாமல் இருக்கிறது. மஹல்லாவில் இவ்வாண்டு 12ஆம் வகுப்பு முடித்த பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் எவர் கல்லூரிக்குச் செல்லவில்லை, ஏன் என்ற பத்தியை எத்தனை ஏடுகளில் காணமுடியும்? ஜனாஸாவுக்கு ஆள் சேர்வதைக் கண்காணிக்கும் ஊர் இதையும் கண்காணிக்கலாம். ஏட்டில் அந்தக் கோட்டை வரைய முத்தவல்லி எந்த ஆணையத்தின் பரிந்துரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. வரைந்தபின், அப்பெயர்களை எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியரிடமும் கல்லூரிக் கல்வி இயக்ககத்திடமும் செல்லலாம்.